எழுதினவர்கள் எதை வைத்துப் பிழைத்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் பாரதி, வ.உ.சி., அயோத்திதாசர், சிங்காரவேலர், ஜீவா, நா. வானமாமலை என்று ஒவ்வொருவராக எடுத்துப் படித்து வருகிறோம். புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் கவிதை பற்றியோ கொள்கை பற்றியோ இருப்பதில்லை. இவர்கள் யார், எந்த வீட்டில் பிறந்தார்கள், எப்படிச் சாப்பிட்டார்கள், ஏன் ஒருவர் சிறைக்குப் போனார், ஏன் இன்னொருவர் போகவில்லை என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் வந்ததைத் தொட்டுக்கொண்டு போகும்.

இவங்க எல்லாரும் வசதியான வீட்டுப் பிள்ளைங்கதானே? சோத்துக்குக் கவலை இல்லாதவங்கதானே அரசியல் எழுத முடியும்?

பாதி சரி. வ.உ.சி. 1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை வக்கீல். மகனும் வக்கீலாகித் தூத்துக்குடியில் நன்றாகச் சம்பாதித்தார். சிங்காரவேலர் 1860இல் சென்னை மீனவர் குடும்பத்தில் பிறந்தவர் என்றாலும் கையில் காசில்லாத வீடு அல்ல அது; அரிசி வியாபாரத்தில் ஈடுபட்டிருந்தார், லண்டன் வரை போய் வந்தார், 1907இல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார்.

பாரதியின் கதை வேறு. தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரம் அரண்மனையோடு நெருக்கமானவர். இயந்திரங்களில் ஆர்வம் கொண்டு பஞ்சாலைத் தொழிலில் இறங்கினார். அது நொடித்தது, அவரும் 1898இல் இறந்தார். அப்போது பாரதிக்குப் பதினைந்து வயது. வசதியைப் பார்த்துவிட்டு அதை இழந்த வீடு அது. ஜீவா பூதப்பாண்டிக்காரர், பெரிய சொத்து எதுவும் பின்னால் இல்லை. அயோத்திதாசரைப் பற்றிக் கீழே தனியாக வருகிறது.

ஆகவே பிறந்த வீட்டை மட்டும் பார்த்தால் ஒரு முடிவுக்கும் வர முடியாது. எழுத ஆரம்பித்த பிறகு காசு எங்கிருந்து வந்தது, அந்த வழி எப்போது அடைபட்டது என்று பார்ப்பதுதான் எனக்குப் பயன்பட்ட வழி.

சரி, அப்படின்னா எதை வைச்சுப் பிழைச்சாங்க? எழுத்துக்குக் காசு வந்ததா?

எழுத்தை மட்டும் நம்பி நிம்மதியாக இருந்தவர் இந்தப் பட்டியலில் யாருமே இல்லை. வ.உ.சி.க்கும் சிங்காரவேலருக்கும் வக்கீல் தொழில். அயோத்திதாசருக்குச் சித்த வைத்தியம். வானமாமலைக்கு டுடோரியல் கல்லூரி. பாரதிக்குத்தான் பத்திரிகைச் சம்பளம். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தற்காலிகத் தமிழாசிரியர், அதே ஆண்டு சென்னையில் ‘சுதேசமித்திரன்’ உதவியாசிரியர். அங்கே ஜி. சுப்பிரமணிய ஐயரிடம் மொழிபெயர்ப்புதான் முக்கிய வேலை. தந்தியில் வரும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் ஆக்க வேண்டும்.

பாரதி புத்தகத்தில் சம்பாதிக்க ஆசைப்படாதவர் என்று ஒரு பிம்பம் உண்டு. அது உண்மையில்லை. 1920இல் தம் எழுத்தையெல்லாம் நாற்பது பகுதிகளாக, பகுதிக்குப் பத்தாயிரம் பிரதி அச்சிடத் திட்டம் போட்டார். அதற்குக் கடன் தந்து உதவும்படி நண்பர்களுக்கு அச்சிட்ட கடிதம் அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதை விடச் சாதாரணமாகத் தம் புத்தகங்கள் விற்றுத் தீரும் என்று அதில் எழுதியிருக்கிறார். ஒரு வியாபாரியின் கணக்கு அது. பணம்தான் வரவில்லை. மறு ஆண்டே அவரும் போய்விட்டார்.

பாரதியார் ‘இந்தியா’ பத்திரிகையில எழுதினாரு, ஆனா ஜெயிலுக்குப் போனது வேற ஒருத்தர்னு சொல்றாங்களே. அது எப்படி?

இது புரிய 1867ஆம் ஆண்டின் அச்சகப் பதிவுச் சட்டம் தெரிய வேண்டும். பத்திரிகை நடத்த ஒருவர் மாஜிஸ்திரேட் முன்னால் போய், ‘இதை அச்சிடுபவன் நான், வெளியிடுபவன் நான்’ என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். அந்தப் பெயர் ஒவ்வொரு இதழிலும் அச்சாக வேண்டும். கட்டுரை எழுதியவர் யார் என்று போலீஸ் தேடி நிரூபிக்கத் தேவையில்லை. இதழின் அடியில் இருக்கும் பெயரைப் படித்துவிட்டு, அவர் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும்.

‘இந்தியா’ வார இதழ் 1906இல் தொடங்கியது. எழுத்து பாரதியுடையது, முதலீடு மண்டயம் குடும்பத்துடையது, பதிவேட்டில் இருந்த பெயர் எம். சீனிவாசன். 1908இல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது பிடிபட்டவர் சீனிவாசன்தான். அவருக்கு ஐந்தாண்டுத் தண்டனை. பாரதியின் ஒவ்வொரு வரிக்கும் உரை எழுதியிருக்கிறோம். இந்த மனிதரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் பலரும் திணறுவார்கள். எனக்கு இது உறுத்துகிற விஷயம்.

பெயர் கொடுத்தவரும் எழுதியவரும் வேறாக இருப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். பெரியாரின் ‘குடி அரசு’ இதழ் மீதான வழக்கிலும் இதே கதையைப் பார்க்கலாம். பெண்கள் பற்றிய கேள்வியில் அது வரும்.

அப்போ பாரதி பாண்டிச்சேரிக்கு ஓடிப்போனது கோழைத்தனம் இல்லையா?

இதைக் கேட்கிறவர்களைச் சண்டைக்கு இழுக்க வேண்டியதில்லை, நியாயமான கேள்விதான். பாரதி காலத்தவர்களிலேயே இப்படி நினைத்தவர்கள் இருந்தார்கள். நண்பர்கள் வற்புறுத்தியதால் போனார் என்பது வழக்கமான பதில். சீனிவாசன் சிறையில் இருக்க, எழுதியவர் வெளியில் இருந்தார் என்பதை அந்தப் பதில் மறைத்துவிடக் கூடாது.

ஆனால் புதுச்சேரி ஓய்விடம் அல்ல. பிரெஞ்சு ஆட்சி என்பதால் பிரிட்டிஷ் போலீஸ் அங்கே கைது செய்ய முடியாது, அவ்வளவுதான். ஒற்றர்கள் வீட்டு வாசலிலேயே இருந்தார்கள். தபால் பிரித்துப் பார்க்கப்பட்டது. 1908 அக்டோபரில் ‘இந்தியா’வை அங்கிருந்து திரும்ப நடத்தினார்கள். பிரிட்டிஷ் எல்லைக்குள் அது வரவே வழியில்லாமல் அரசு தடுத்தது. வாசகர் இல்லாமல் பத்திரிகை எத்தனை நாள் தாங்கும்? 1910 மார்ச்சோடு நின்றது. அதோடு வருமானமும் நின்றது. கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் எல்லாம் அந்தச் சம்பளமில்லாத ஆண்டுகளில் வந்தவை. பத்தாண்டு அப்படிக் கழிந்தது.

வ.உ.சி.க்கு 40 வருஷம் தண்டனைன்னு சொல்றாங்க. ஆனா நாலரை வருஷத்துல வெளிய வந்துட்டாரே?

இரண்டும் சரி. 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். வ.உ.சி. பேசிய பேச்சுக்கு ஓர் ஆயுள் தண்டனை, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள் தண்டனை. ஒன்றுக்கு இருபது ஆண்டு என்று கணக்கிட்டு நாற்பது என்கிறோம். மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. நன்னடத்தைக் கழிவு போக 1912 டிசம்பரில் விடுதலை.

குறைந்தது என்றவுடன் லேசாக நினைக்க வேண்டாம். கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தது அந்த ஆறாண்டுக்குள்தான். தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கியது, பிறகு தெளியவில்லை. பத்து லட்ச ரூபாய் முதலீடு என்று இலக்கு வைத்து, பங்கு 25 ரூபாய் வீதம் திரட்டித் தொடங்கிய சுதேசி கப்பல் கம்பெனி அவர் உள்ளே இருக்கும்போதே சரிந்தது. சிவாவுக்குச் சிறையிலேயே தொழுநோய் வந்தது. 1925இல் பாப்பாரப்பட்டியில் இறந்தார்.

ஜெயிலுக்குள்ள செக்கு இழுத்தவர் எப்படிப் புத்தகமும் எழுதினாரு?

தண்டனைக் காலம் முழுக்கச் செக்கு இல்லை. பின்னால் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றினார்கள். அங்கே கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. ‘மெய்யறம்’ அங்கே உருவானது. சக கைதிகள் சிலர் அவரிடம் நீதிநூல் பாடம் கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல எழுதிய செய்யுள்கள் 1914இல் நூலாயின. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரைத் தமிழில் ‘மனம்போல வாழ்வு’ என்று கொண்டுவந்தவரும் அவரே. ராஜத்துரோகக் கைதி தன்னம்பிக்கை நூல் மொழிபெயர்த்தார் என்றால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அரசியல் எழுதத் தடை இருந்த இடத்தில் ஒழுக்கம் பற்றித்தான் எழுத முடியும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஆலனை அவர் மனமாரவே விரும்பினார் என்பதும் உண்மை. விடுதலைக்குப் பிறகும் தொடர்ந்து மொழிபெயர்த்தார்.

தம் வாழ்க்கையை அகவற்பாவில் எழுதினார். சிறையில் என்ன உடை கொடுத்தார்கள், என்ன சாப்பாடு, எந்த அதிகாரியோடு என்ன வாக்குவாதம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அவர் இறந்து பத்தாண்டு கழித்து, 1946இல்தான் அச்சானது.

வெளிய வந்த பிறகு வ.உ.சி. என்ன ஆனாரு? மண்ணெண்ணெய் வித்தார்னு கேள்விப்பட்டோம்.

தண்டனை பெற்றதால் வக்கீல் சன்னத், அதாவது தொழில் நடத்தும் உரிமம், பறிபோனது. முதல் பதிலில் சொன்ன ‘வழி அடைபடுவது’ என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. சென்னைக்கு வந்து சின்னச் சின்ன வியாபாரங்கள் பார்த்தார். என்ன விற்றார் என்பதில் ஆளுக்கொரு கதை உலவுகிறது. அந்தக் கதைகளை விட அவருடைய கடிதங்கள் நன்றாகப் பேசும்.

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியின் பொறுப்பில் இருந்தது. 347 ரூபாய் 12 அணா. 1915இல் காந்தி இந்தியா வந்தபின் இருவருக்கும் இது பற்றிக் கடிதப் போக்குவரத்து நடந்தது. காந்திக்குக் கணக்கு சரியாக நினைவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்கிறார். வ.உ.சி. பொறுமையாக, ஆனால் விடாமல் திரும்பத் திரும்பக் கேட்கிறார். பணம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் தாம் இல்லை என்பதை மறைக்கவே இல்லை. கடைசியில் 1916இல் பணம் வந்து சேர்ந்தது. பத்து லட்சத்துக்குக் கம்பெனி போட்ட மனிதர் 347 ரூபாய்க்குக் காத்திருந்தார்.

அதே ஆண்டுகளில்தான் திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையைப் பதிப்பித்தார் (அறத்துப்பால், 1917). பிறகு தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பிப்பதில் இறங்கினார். வறுமை வந்தால் ஆராய்ச்சி போய்விடும் என்பது அவர் விஷயத்தில் நடக்கவில்லை.

வெள்ளைக்காரனை எதிர்த்தவர் தன் பிள்ளைக்கு வெள்ளைக்காரன் பேரை ஏன் வைச்சாரு?

வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால்தான் சன்னத் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். சன்னத் வந்ததும் கோவில்பட்டிக்குப் போய் மறுபடி வக்கீல் தொழில் பார்த்தார்.

இதைக் கேட்டு ஏமாற்றமடைகிறவர்கள் ஆட்சியையும் ஆளையும் ஒன்றாக்கிப் பார்க்கிறார்கள். வ.உ.சி. அப்படிப் பார்க்கவில்லை.

அயோத்திதாசர் பேரை இப்பத்தான் நிறையக் கேள்விப்படறோம். இத்தனை நாள் எங்க இருந்தாரு?

1845இல் பிறந்தார். இயற்பெயர் காத்தவராயன், ஆசிரியர் மேல் இருந்த மரியாதையால் அவர் பெயரையே தமக்கு வைத்துக்கொண்டார். தம் பாட்டனார் கந்தப்பன் ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் வேலை பார்த்தார் என்றும், வீட்டில் இருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அவர் வழியாக எல்லிஸ் என்ற தமிழ் படித்த ஆங்கிலேய அதிகாரிக்குக் கொடுத்தார் என்றும் அயோத்திதாசரே எழுதியிருக்கிறார். தீண்டாமைக்கு ஆளான சமூகத்தில் சுவடி வைத்திருந்த வீடுகள் இருந்தன என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சித்த வைத்தியம், தமிழ் இலக்கணம், பாலி எல்லாம் அவருக்குக் கல்லூரி போய் வந்த படிப்பல்ல.

1891இல் திராவிட மகாஜன சபை, 1898இல் பிரம்மஞான சபையின் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் ஏற்பு, 1907 ஜூன் 19 முதல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ். விலை பெயரிலேயே இருந்தது. ஓராண்டு கழித்து ‘தமிழன்’ என்று சுருக்கினார்கள். 1914இல் அவர் இறக்கும் வரை அது வந்தது.

அப்புறம் எங்கே போனார்? கோலார் தங்கவயலுக்கு. சுரங்கத்தில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களிடையே பௌத்த சங்கம் வலுவாக இருந்தது. ஜி. அப்பாதுரை 1926இல் ‘தமிழ’னை அங்கிருந்து மறுபடி தொடங்கினார், அயோத்திதாசர் நூல்களும் அங்கே அச்சாகின. சென்னைப் பல்கலைக்கழகங்கள் தேடாத இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்ற தனி மனிதர்கள் வீட்டில் காத்துவைத்தார்கள். 1999இல் ஞான அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் ‘அயோத்திதாசர் சிந்தனைக’ளை வெளியிட்டது. வாசித்தவர்களிடம் அவர் இருந்துகொண்டேதான் இருந்தார். அந்த வாசகர்களை யாரும் விசாரிக்கவில்லை, அவ்வளவுதான்.

சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினவர். அவரை எழுத்தாளர்னு சொல்லலாமா?

தாராளமாக. 1923 மே 1 அன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டம் நடத்தியது, 1925 டிசம்பரில் கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியது என்று பாடப்புத்தகம் நிறுத்திக்கொள்கிறது. 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சிறை போனபோது அவருக்கு வயது அறுபத்தெட்டு. வெளியே வந்தபின், எழுபது வயதுக்கு மேல்தான் ‘குடி அரசு’ போன்ற இதழ்களில் அவர் எழுத்து வேகம் பிடித்தது. டார்வின், வானியல், மூடநம்பிக்கை, பொருளாதாரம் என்று கைக்குக் கிடைத்த அறிவியலையெல்லாம் தமிழில் விளக்கினார். நடை கொஞ்சம் கரடுமுரடுதான். ஆனால் கலைச்சொல் அகராதி கையில் இல்லாத காலத்தில் ஒரு முதியவர் பரிணாமத்தைத் தொழிலாளிக்கு விளக்க முயல்கிறார் என்று நினைத்துப் படித்தால் அலுக்காது. வீட்டில் பெரிய நூலகம் வைத்திருந்தார். முதல் பதிலில் சொன்ன வசதி அங்கேதான் செலவானது.

இதுல பொம்பளைங்க யாருமே இல்லையா?

இருக்கிறார்கள். மூவரைச் சொல்கிறேன், மூன்று வெவ்வேறு வழிகள்.

எஸ்.ஆர். கண்ணம்மாள் பெரியாரின் தங்கை. 1933 அக்டோபரில் ‘குடி அரசு’ தலையங்கம் ஒன்று இன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழிய வேண்டும் என்று கேட்டது. எழுதியது பெரியார், வெளியிடுபவர் என்ற இடத்தில் இருந்த பெயர் கண்ணம்மாள். இருவருமே சிறைக்குப் போனார்கள். சீனிவாசனுக்கு நேர்ந்ததுதான், இங்கே எழுதியவரும் கூடவே உள்ளே போனார் என்பது வித்தியாசம். ‘குடி அரசு’ நின்றதும் ‘புரட்சி’ வந்தது, பிறகு ‘பகுத்தறிவு’. ஒரு பெயரை முடக்கினால் அடுத்த பெயரில் பதிவு செய்வது அந்நாளைய பத்திரிகைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1883இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போது வறுமையால் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் தம்மைத் தேவதாசி வீட்டில் விட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அந்த முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவலை வெளியிட்டார். 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை. பின்னணி எழுத்தில் எப்படி இறங்குகிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இந்த நாவலைத்தான். கதைக்கட்டு தளர்வாக இருக்கும். பேச்சில் வரும் சூது, பேரம், வீட்டுக்குள் நடக்கும் கணக்கு எல்லாம் உள்ளே இருந்து பார்த்தவரால் மட்டுமே எழுத முடியும்.

வை.மு. கோதைநாயகி பள்ளிக்கூடம் போனதில்லை. ஐந்து வயதில் கல்யாணம். பிற்பாடு ‘ஜகன்மோகினி’ இதழை வாங்கி நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல் எழுதினார். காங்கிரஸ் போராட்டத்தில் சிறை சென்று, அங்கும் எழுதினார். இந்தப் பட்டியலில் எழுத்தாலேயே ஓரளவு பிழைத்தவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் சொல்வேன். இரண்டாவது பதிலில் ‘நிம்மதியாக’ என்று ஒரு சொல் போட்டதற்குக் காரணம் அவர்தான்.

மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்து வெளிய வந்தவங்களும் இதுல உண்டாமே?

உண்டு. பாரதியே உண்டு. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்ததும் கடலூர் அருகே கைதானார். சிறையிலிருந்து ஆளுநர் பென்ட்லண்டுக்கு எழுதினார்; அரசியலிலிருந்து விலகிவிட்டதாக அதில் சொன்னார். திருநெல்வேலி மாவட்டத்துக்குள் குறிப்பிட்ட இடங்களில்தான் வசிக்க வேண்டும், எழுதுவதை அச்சுக்கு முன் போலீஸிடம் காட்ட வேண்டும் போன்ற நிபந்தனைகளோடு டிசம்பரில் விட்டார்கள். மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்துக்குப் போனார். 1920இல் கட்டுப்பாடு நீங்கியதும் மறுபடி ‘சுதேசமித்திரன்’.

ஜீவா பகத்சிங் எழுதிய ‘நான் நாத்திகன் ஏன்?’ கட்டுரையைத் தமிழாக்கினார். பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமி அதை வெளியிட்டார். இருவரும் கைதானார்கள். சுயமரியாதை இயக்கத்தை அரசு நசுக்கிவிடக் கூடாது என்று நினைத்த பெரியார் சொன்னபடி எழுதிக்கொடுத்து வெளியே வந்தார்கள். ஜீவா பெரியாரிடமிருந்து விலகிச் சென்றதற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம்.

இதைத் தோண்டி எடுத்து ஒருவரைக் கீழே இறக்குவது ஒரு விளையாட்டாகவே நடக்கிறது. கடிதம் எழுதிய பிறகு அந்த ஆள் என்ன செய்தார் என்று ஐந்தாறு ஆண்டு பின்தொடர்ந்து பார்த்துவிட்டுப் பேசினால் நல்லது. ஜீவா 1937இல் ‘ஜனசக்தி’, 1959இல் ‘தாமரை’ என்று இரண்டு இதழ்களை நடத்தினார். நடுவில் சிறை வேறு.

பாரதியை யானை மிதிச்சுக் கொன்னுடுச்சுதானே?

இல்லை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை 1921இல் அவரைத் தள்ளிவிட்டது உண்மை. காயம் ஆறி வேலைக்குத் திரும்பினார். ஈரோடு கருங்கல்பாளையம் வரை போய், மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசிவிட்டு வந்தார். செப்டம்பரில் வயிற்று நோய் வந்து இறந்தார். 11ஆம் தேதி நள்ளிரவு தாண்டி உயிர் போனதால் 12 என்று எழுதுகிறவர்களும் உண்டு. வயது 38.

பாரதிக்கு அப்புறம் அவர் பாட்டெல்லாம் யாருக்குச் சொந்தமாச்சு?

முதலில் செல்லம்மா வெளியிட்டுப் பார்த்தார். பிறகு பாரதியின் தம்பி சி. விசுவநாதன் வகையில் நூல்கள் வந்தன. இசைத்தட்டு, திரைப்பட உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் போனது. மேடையில் எல்லோரும் பாடும் பாட்டுக்குத் தனியார் ஒருவர் சொந்தக்காரரா என்ற சர்ச்சை வலுத்து, 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையைப் பெற்று, பின்னர் பொதுவாக்கியது. தமிழ்நாட்டில் நூல் நாட்டுடைமை என்ற வழக்கம் இங்கே தொடங்கியதுதான்.

கல்லூரிப் பேராசிரியர்கள் எப்ப இந்தப் பக்கம் வந்தாங்க?

பெரும்பாலும் விடுதலைக்குப் பிறகு. அதிலும் முன்னோடியாக இருந்த நா. வானமாமலை பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர் அல்ல. நாங்குநேரிக்காரர், படித்தது வேதியியல், கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். பாளையங்கோட்டையில் டுடோரியல் கல்லூரி நடத்தினார். தேறாத பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வந்த காசில்தான் ஆராய்ச்சி நடந்தது. 1967இல் நெல்லை ஆய்வுக் குழு, 1969இல் ‘ஆராய்ச்சி’ இதழ். குழுவில் பள்ளி ஆசிரியர்களும் எழுத்தர்களும் கட்டுரை வாசிப்பார்கள், மற்றவர்கள் கிழித்துத் தொங்கவிடுவார்கள், திருத்தி அச்சுக்குப் போகும். அவர் நாட்டுப்பாடல் தொகுப்பைத் திறந்தால் பாட்டுக்குக் கீழே சேகரித்தவர் பெயரும் இடமும் இருக்கும். எஸ்.எஸ். போத்தையா என்ற கிராமத்து ஆசிரியரின் பெயர் அப்படித்தான் நமக்குத் தெரியும்.

இலங்கையில் கதை மாறியது. க. கைலாசபதி 1933இல் கோலாலம்பூரில் பிறந்தவர். ‘தினகரன்’ நாளிதழின் ஆசிரியராக இருந்துவிட்டு, பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சன் என்ற மார்க்சியக் கிரேக்க அறிஞரிடம் ஆய்வு செய்தார். சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்ட அந்த ஆய்வு 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்துக்கு முதல் தலைவர். கா. சிவத்தம்பியும் அதே தாம்சனின் மாணவர். மாதச் சம்பளமும் நூலகமும் கொண்ட அரசியல் அறிஞர் என்ற வகை நமக்குத் தெளிவாகக் கிடைப்பது இவர்களிடம்தான்.

கட்சிக்காரங்க செய்த ஆராய்ச்சியை எப்படி நம்பறது?

கட்சி சாராதவர் என்று சொல்லிக்கொள்கிறவரின் ஆராய்ச்சியை எப்படி நம்புவீர்களோ அப்படித்தான். ஆதாரத்தைப் போட்டிருக்கிறாரா? அதை நீங்கள் தனியாக எடுத்துப் பார்க்க முடியுமா? வானமாமலை கட்டபொம்மன், முத்துப்பட்டன் கதைப்பாடல்களின் மூலத்தையே அச்சில் தந்துவிட்டார். அவர் விளக்கம் பிடிக்கவில்லையென்றால் பாடலை வைத்துக்கொண்டு நீங்கள் வேறு விளக்கம் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். கைலாசபதியின் வீரயுக ஒப்பீட்டை, சங்கப் பாடல்கள் வாய்மொழிப் பாடல்கள் அல்ல என்று மறுத்தவர்கள் உண்டு. அதுவும் பாடலின் வரிகளை வைத்து நடந்த விவாதம்தான்.

அயோத்திதாசரிடம் கொஞ்சம் கவனம் வேண்டும். சொற்களுக்கு அவர் சொல்லும் மூலமும் பல புராண விளக்கங்களும் மொழியியல்படி நிற்காது. அவற்றை வரலாறாக எடுத்தால் சறுக்கும். சமூகத்தின் பழங்கதை தமக்கு எதிராக எழுதப்பட்டிருப்பதைக் கண்டு, அதே கதையை எதிர்த்திசையில் திருப்பி எழுதிய ஒருவரின் முயற்சி என்று எடுத்தால் பக்கத்துக்குப் பக்கம் விஷயம் இருக்கிறது.

எல்லாம் சரி, அவங்க சாதியைச் சொல்லித்தான் ஆகணுமா?

திட்டுவதற்கோ புகழ்வதற்கோ என்றால் வேண்டாம். யாருக்கு எந்தக் கதவு திறந்தது என்று தெரிந்துகொள்ள என்றால், சொல்லாமல் முடியாது. 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் அரசியலில் எதிர்முகாமில் இருந்தும் பாரதி பாடல்களைக் கேட்டு மகிழ்ந்து தம் செலவில் அச்சிட்டு இலவசமாகப் பரப்பினார். மயிலாப்பூரில் அந்த வீட்டுக் கூடத்துக்குள் போய் உட்கார்ந்து பாட எல்லோருக்கும் இடம் இருந்ததா? அதே ஆண்டில் அயோத்திதாசர் தம் இதழுக்குச் சந்தாவை ஒரு பைசா ஒரு பைசாவாகச் சேர்த்தார். பாரதியும் அயோத்திதாசரும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் இதழ் நடத்தினார்கள். ராயப்பேட்டையும் திருவல்லிக்கேணியும் நடந்து போகிற தூரம்தான்.

முதல்ல எதைப் படிக்கறது?

ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் தம்மைப் பற்றி எழுதியதிலிருந்து தொடங்குங்கள். வ.உ.சி.யின் அகவல் சுயசரிதை பழகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்; நாலு பக்கம் வாய்விட்டு வாசித்தால் ஓட ஆரம்பித்துவிடும். பாரதியின் ‘சின்னச் சங்கரன் கதை’ முடிவடையாதது, ஆனால் அரண்மனை வாழ்வைக் கிண்டலடிக்கும் இடங்களில் சிரிக்காமல் இருக்க முடியாது. பழைய நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இதழ்களையே பார்க்க வேண்டுமென்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அங்கே போனால், இதழின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ‘அச்சிடுபவர், வெளியிடுபவர்’ வரியையும் குறித்துக்கொண்டு வாருங்கள். வட்டத்தில் அந்தப் பெயர்களைத் தொகுத்து வருகிறோம்.